காலிப் பெட்டியும் கழுத்துச் சங்கிலியும்

பள்ளிக்கூடங்களுக்குப் போய் மாணவர்களுக்கு வட்டி, வைப்பு, அடமானம், ஜாமீன் என்றெல்லாம் விளக்கச் சொல்லி இப்போது வங்கியில் உங்களை அனுப்புகிறார்களாம். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத நீங்கள் நாலைந்து பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "சார், நீங்க அந்தக் காலத்திலேயே இதைப் பத்திப் பள்ளிக்கூடத்துல பேசியிருக்கீங்களாமே, எங்களுக்கு ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நேரில் சொன்னால் நீங்கள் சிரிப்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். எழுதிக் கொடுத்தால் உங்கள் வீட்டிலேயே சிரித்துக்கொள்ளலாம். அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், பேசியிருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில். என் பேச்சு எவ்வளவு தெளிவாக இருந்தது என்றால், மாணவர்கள் அதை ஒரு வார்த்தை பிசகாமல் வீட்டில் போய்ச் சொன்னார்கள். மறுநாள் காலை என் கிளையின் வாசலில் கூட்டம் நின்றது. போட்ட பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்த கூட்டம்.

அதைச் சொல்வதற்கு முன், நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு சின்னத் தனியார் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பி.காம். படித்தவன் அந்தக் கிளையில் நான் ஒருவன்தான். அந்த விஷயம் எனக்கு மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது. எந்தச் சொல்லுக்கும் என்னிடம் விளக்கம் தயாராக இருக்கும். கடன் வாங்க வந்த விவசாயியிடம், "ஜாமீன் என்றால் என்ன தெரியுமா?" என்று ஆரம்பித்தேன் என்றால், பாவம், பின்னால் நிற்பவர் உட்கார இடம் தேடுவார்.

அப்படிப்பட்ட நான், உடன் வேலை பார்த்த ஒருவர் தவணையில் சைக்கிள் வாங்கியபோது, ஒரு மரியாதைக்காக அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது தவணை வருவதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டு சைக்கிளோடு பம்பாய்க்குப் போய்விட்டார். மீதித் தவணைகளை நான் கட்டினேன். ஒருநாள் காலை வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்துகொண்டிருந்த என்னைக் கிளை ஏஜெண்ட் பார்த்துவிட்டார். அப்போதெல்லாம் கிளை மேலாளரை ஏஜெண்ட் என்றுதான் சொல்வோம்.

"இன்னாய்யா, மாசாமாசம் சைக்கிளுக்குப் பணம் கட்டுறவன் நடந்து வர்ற?"

"சைக்கிள் பம்பாயில இருக்குது சார்."

"அப்படியா? இப்ப ஜாமீன்னா இன்னான்னு உனக்கும் தெரிஞ்சு போச்சு. நல்லதாப் போச்சு. இனிமே வர்றவங்களுக்கு ஜல்தியாச் சொல்லிடுவ."

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் போட்டுப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுகிற மனிதர். பெரிய ஏஜெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் முடி கிடையாது, பேச்சில் சர்க்கரை கிடையாது, சட்டைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை இருக்கும். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். திண்டிவனத்தில் கிளை திறந்தபோது, முப்பது வயதுகூட ஆகாத என்னை ஏஜெண்டாகப் போடச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதியவர் அவர்தான். எழுதியதற்கு அவர் வருத்தப்பட வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது.

திண்டிவனம் கிளை சிறியது. நான், ஒரு கேஷியர், ஒரு குமாஸ்தா, ஒரு பியூன், வாரத்தில் சில நாட்கள் வந்து நகையை உரசிப் பார்த்து மதிப்புப் போடும் ஆசாரி. பணம் போடவும் எடுக்கவும் ஒரு சன்னல். நகையை அடகு வைத்துக் கடன் வாங்கவும் மீட்கவும் பக்கத்தில் இன்னொரு சன்னல். உள்ளே ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு இரண்டு சாவி, ஒன்று என்னிடம், மற்றது கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். பணமும் நகையும் அந்த ஒரே பெட்டிக்குள்தான்.

உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வந்து, சேமிப்பைப் பற்றி மாணவர்களுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டார். நாலு வார்த்தையா? ஒரு மணி நேரம் பேசினேன். முதல் என்றால் என்ன, வட்டி என்றால் என்ன, கூட்டு வட்டி எப்படி வளரும், எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக்கூட நான் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், எங்கப்பா போட்ட துட்டு உங்க இரும்புப் பெட்டியிலதான சார் இருக்கும்?"

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் நான் பிறந்திருக்கிறேன் என்று தோன்றியது. "பெட்டியிலா? பெட்டி கிட்டத்தட்டக் காலி தம்பி!" என்றேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் மயங்கி இன்னும் ஓர் அடி போனேன். "பெட்டியில தூங்குற பணத்துக்கு எவன் வட்டி குடுப்பான்? உங்கப்பா போட்ட பணம் இந்நேரம் விழுப்புரத்துல ஏதாவது ஒரு ஆலையில எண்ணெய் ஆட்டிக்கினு இருக்கும்!"

சொன்னதில் ஒரு தவறும் இல்லை. வைப்பாக வரும் பணத்தைக் கடனாக வெளியே கொடுத்து, அந்த வட்டியில்தான் வங்கி வாழ்கிறது. பாடப் புத்தகத்தில் இதைவிட எளிமையாக யாரும் எழுதியிருக்க முடியாது. தலைமையாசிரியர் மாலை போட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக, வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கிளையைத் திறக்கப் போனபோது வாசலில் இருபது பேர் இருந்தார்கள். என் பேச்சின் புகழைக் கேட்டுப் புதுக் கணக்குத் தொடங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டேன். நிஜமாகவே கும்பிட்டேன்.

முதல் ஆள் சவரிமுத்து. கிளியனூர்ப் பக்கத்து விவசாயி. மல்லாட்டை விற்ற பணத்தை மகள் கல்யாணத்துக்கென்று எங்களிடம் நிரந்தர வைப்பாகப் போட்டிருந்தார். அவர் மகன் அந்தப் பள்ளியில்தான் படித்தான்.

"சாரு, என் துட்டக் குடுத்துடுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"பையன் சொல்லிக்கினு வந்தான். பெட்டி காலியாம். துட்டெல்லாம் விழுப்புரம் போயிடுச்சாம். ஏஜெண்டே மேடையில நின்னுக்கினு சொன்னாராம்."

இந்த இடத்தில் ஒரு நல்ல ஏஜெண்ட் என்ன செய்திருப்பான்? "இந்தாங்க" என்று பணத்தைக் கொடுத்திருப்பான். நான் விளக்கம் சொன்னேன். தவணை முடிவதற்குள் எடுத்தால் வட்டி எவ்வளவு குறையும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்து, "குடுக்க மாட்டேன்றாருப்பா" என்றார்.

அவ்வளவுதான். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. பெருமுக்கல், மயிலம் என்று பஸ் வரும் ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்து இறங்கினார்கள்.

இதில் என்ன ஆபத்து என்று உங்களுக்கு இன்று புரியாது. உங்களுக்குப் பின்னால் பெரிய நிர்வாகம் நிற்கிறது. எங்களுடையது சின்ன வங்கி. பணம் எடுக்க வந்தவனுக்கு "இல்லை, நாளைக்கு வா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்தச் சன்னலுக்கு மறுபடி யாரும் வர மாட்டார்கள். திண்டிவனத்தில் மூடினால் செய்தி அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் போகும், அங்கேயும் வரிசை நிற்கும். கடைசியில் நிற்பவர்களுக்குப் பணமே இருக்காது. ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்தவர்கள் அவர்கள். என் ஒரு நகைச்சுவைக்காக அவர்கள் தெருவில் நிற்கப் போகிறார்கள்.

எங்கள் கிளையில் தொலைபேசி கிடையாது. அஞ்சலகத்துக்கு ஓடினேன். விழுப்புரத்தில் பெரிய ஏஜெண்டுக்கு டிரங்க் கால் போட்டேன். அந்தக் காலத்து டிரங்க் காலில் கத்தினால்தான் அந்தப் பக்கம் காதில் விழும். கத்தினேன்.

"சார்! கூட்டம் வந்துடுச்சு சார்! ரொக்கம் பத்தாது! பத்தாது சார்! பணம், பணம்! ப-த்-தா-து!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அஞ்சலகமே அமைதியாக இருந்தது. ஸ்டாம்பு வாங்க நின்றவர்கள், மணியார்டர் எழுதிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிளைக்குத் திரும்பி நடந்தேன். அவர்களில் பாதிப் பேர் என் பின்னாலேயே வந்து வரிசையில் நின்றுகொண்டார்கள்.

அடுத்து நான் எடுத்த முடிவைப் பற்றி இன்றும் என் மனைவி கேட்பாள், அப்படி எப்படித்தான் தோன்றியது என்று. நகைச் சன்னலை மூடினேன். கணக்குப்படி அது சரியான முடிவு. ஒருவர் நகையை மீட்க வந்தால் நானும் கேஷியரும் இரண்டு சாவியோடு உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்க வேண்டும். அதுவரை பணச் சன்னலில் வரிசை நகராது. வரிசை நகராவிட்டால் கலவரம். ஆகவே எல்லோரும் பணச் சன்னலில் வேலை செய்யட்டும், நகை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். "நகைப் பிரிவு இன்று இல்லை" என்று அட்டையில் என் கையாலேயே, நல்ல கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

சவரிமுத்துவுக்கு ஒருவழியாகப் பணம் கொடுத்தோம். அவர் அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வெளியேறும் நேரத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் மனைவி வந்துவிட்டாள். பெயர் அமலோற்பவம். உயரமான பெண், குரலும் உயரம்.

"துட்ட வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"என் சங்கிலி?"

விஷயம் இதுதான். போன வருஷம் ஆயில் இஞ்சின் வாங்கும்போது சவரிமுத்து மகள் கல்யாணப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று, மனைவியின் சங்கிலியை எங்களிடமே அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தார். எங்களிடம் அவர் போட்ட பணத்துக்கு நாங்கள் கொடுத்த வட்டியைவிட, அவர் வாங்கிய கடனுக்கு அவர் எங்களுக்குக் கட்டிய வட்டி இரண்டு மடங்குக்கும் மேல். அவர் மட்டும் இல்லை, அந்தச் சுற்றுவட்டாரத்தில் பலரும் அப்படித்தான். கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிய பணம் சாமி காரியம் மாதிரி, அதைத் தொடக்கூடாது. அவசரத்துக்குச் சங்கிலி இருக்கிறது. இதில் வங்கிக்குத்தான் கொள்ளை லாபம். கூட்டு வட்டியைக் கரும்பலகை நிறைய எழுதிய நான் இதைப் பற்றி மட்டும் பள்ளிக்கூடத்தில் மூச்சு விடவில்லை.

அமலோற்பவம் மூடிய சன்னலுக்கு வந்தாள். அட்டையைப் பார்த்தாள்.

"இன்னா எழுதிக்கீது?"

பக்கத்தில் நின்றவர் படித்துச் சொன்னார்.

"அப்ப நகையும் போச்சா?"

"அம்மா, நகை பத்திரமா இருக்குது. நாளைக்கு வாங்க" என்றேன்.

"இருந்தா இன்னிக்கே குடேன். கடனுக்குக் கட்டுற துட்டு எங்க ஊட்டுக்காரரு மடியில கீது. எண்ணி எடுத்துக்கினு என் சங்கிலியக் குடு."

"இன்னிக்கு முடியாதும்மா. ஆள் இல்ல."

"பெட்டி காலின்னு பையன் சொன்னப்ப நான் நம்பல சார். ஏஜெண்டு தமாசா பேசியிருப்பாருன்னு சொன்னேன். இப்ப நம்புறேன்." அப்படியே அந்தச் சன்னலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மா போட்ட சங்கிலி அது. கண்ணால பாக்காம இங்கிருந்து எழுந்திரிக்க மாட்டேன்."

சலசலப்பு வரிசை நெடுகப் பரவிற்று. பணம்தான் போயிற்று என்று நினைத்து வந்தவர்களுக்கு இப்போது நகையும் போயிற்று என்று ஆகிவிட்டது. பின்னால் நின்றவர்கள் முன்னால் தள்ள, கதவுக் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. பெட்டியில் இருந்த ரொக்கம் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். எனக்கு அழுகை வந்தது. குனிந்து மேசை இழுப்பறையில் எதையோ தேடுவது போல நடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது, வரிசையில் முட்டிக்கொண்டு ஒரு வழுக்கைத் தலை முன்னால் வர முயல்வது தெரிந்தது. கோபம் வந்தது. "யோவ், வரிசையில வாய்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"வரிசையிலதான்யா வந்துக்கினு இருக்கேன்" என்றார் பெரிய ஏஜெண்ட்.

பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். வாசலில் "நான் பேங்க் ஆளு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார், யாரும் நம்பவில்லை. சரி என்று வரிசையிலேயே நின்று, முன்னால் பின்னால் நிற்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். கையில் பெட்டி இல்லை, பை இல்லை. பக்கக் கதவைத் திறந்து உள்ளே விட்டேன்.

"ரொக்கம் எங்க சார்?"

"அங்க இன்னிக்கு மண்டிக்காரங்களுக்குப் பட்டுவாடா. நாளைக்குக் காலையிலதான் எடுத்தாற முடியும்."

"அப்ப முடிஞ்சுது சார்."

"முடியட்டும், அப்புறம் பாப்போம். நகைச் சன்னலை எதுக்கு மூடின?"

நான் சொன்னேன். இரண்டு சாவி, கேஷியர், வரிசை நகராது, எல்லாம். எவ்வளவு ஒழுங்காகச் சொன்னேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"அரை மணி நேரமா அந்த வரிசையில நின்னேன். ஒருத்தனாவது துட்டப் பத்திப் பேசறானா? எல்லாரும் நகையப் பத்திதான்யா பேசிக்கினு இருக்கான். இங்க துட்ட வாங்கி அங்க கட்டி நகைய மீட்டுக்கினு போயிடணும்னு நிக்கிறாங்க. துட்ட உள்ள கொண்டாந்து குடுக்க வந்தவங்களுக்கு நீ கதவச் சாத்திட்டு, வெளிய கொண்டு போறவங்களுக்கு மட்டும் தொறந்து வெச்சிருக்கியே, பேஜாரு புடிச்ச மனுஷா!"

காலையிலிருந்து நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஒருவர் பேசியதைக்கூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. அது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

மளமளவென்று வேலை நடந்தது. மேசையைத் தூக்கி, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி முன்னால் போட்டார். ஆசாரியைத் தராசோடு அங்கே உட்கார வைத்தார். நானும் கேஷியரும் ஒரே ஒரு முறை பெட்டியைத் திறந்து, நகை முடிப்புகள் அத்தனையையும் தட்டில் வெளியே கொண்டுவந்தோம். கேஷியர் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். இதைக் காலையிலேயே செய்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. என் மூளை பி.காம். படித்ததோடு களைத்துப் போயிருந்தது.

"முதல்ல கீழ உக்காந்திருக்கிற அம்மா" என்றார் பெரிய ஏஜெண்ட்.

அமலோற்பவம் எழுந்து வந்தாள். முடிப்பை அவிழ்த்துச் சங்கிலியைத் தராசில் போட்டு, எடையைச் சத்தமாகச் சொன்னார் ஆசாரி. சவரிமுத்து மடியிலிருந்து பணத்தை எடுத்து அசலும் வட்டியும் கட்டினார். அவள் சங்கிலியைக் கையில் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தாள். பிறகு கழுத்தில் போட்டுக்கொண்டு, திரும்பி வரிசையைப் பார்த்துச் சொன்னாள்.

"கீதுப்பா. எல்லாம் அப்படியே கீது."

ஒரு மணி நேரம் நான் மேடையில் பேசியதைவிட அந்த ஒரு வாக்கியத்துக்கு எடை அதிகம். சவரிமுத்து கட்டிய பணம் கேஷியரிடம் போனது. கேஷியர் அதை அடுத்தவருக்குக் கொடுத்தார். அவர் அதை வாங்கி நேராக நகை மேசைக்கு வந்தார். மூலையில் மை சிந்திய ஒரு நூறு ரூபாய் நோட்டு இருந்தது. காலையில் சவரிமுத்துவுக்குக் கொடுத்தது. மேய்ந்துவிட்டு வீடு திரும்பும் மாடு போல அது அன்று திரும்பத் திரும்ப எங்களிடமே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கேஷியர் அதைத் தூக்கி எனக்குக் காட்டிச் சிரிப்பார்.

பெரிய ஏஜெண்ட் என்ன செய்தார்? மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மல்லாட்டையை எடுத்து ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். வங்கி முழுகப் போகிறது என்று வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். முழுகுகிற வங்கியில் ஒரு மனிதன் இப்படி உட்கார்ந்து மல்லாட்டை தின்பானா? "பெட்டி காலின்னாங்க, இம்மாம் நகை வருதே" என்று சொல்லிக்கொண்டு சிலர் பணம் எடுக்காமலே போனார்கள். மாலை கதவு சாத்தும்போது பெட்டியில் ரொக்கம் குறைவுதான், ஆனால் இருந்தது. வரிசையில் ஒருவர்கூட இல்லை.

பஸ் நிலையம்வரை அவரோடு நடந்தேன். கும்பிடுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. "எப்படி சார் அவ்வளவு நிதானமா மல்லாட்டை தின்னுக்கினு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"நிதானமா? கை நடுங்கிச்சுய்யா. யாராவது பாத்துடப் போறாங்கன்னு அதுக்கு ஒரு வேலை குடுத்தேன்." பஸ் படியில் கால் வைத்தவர் திரும்பினார். "அந்த இஸ்கூலுக்கு மறுபடி போ."

"இன்னும் என்ன சார் சொல்றது? சொன்னது போதாதா?"

"பாதிதான் சொன்ன. துட்டு வெளிய போவுதுன்னு சொன்னவன், எப்படித் திரும்பி வருதுன்னு சொல்லல. மீதியையும் சொல்லிட்டு வா. அதுக்கு முன்னால அவங்க இன்னா கேக்குறாங்கன்னு கேட்டுக்கோ."

போனேன். தலைமையாசிரியர் இந்த முறை மாலை வாங்கவில்லை. நான் எதையும் எழுதாமல், "என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று மட்டும் கேட்டேன். சவரிமுத்துவின் மகன்தான் எழுந்தான்.

"சார், எங்கப்பா உங்ககிட்டயே துட்டும் போட்டிருந்தாரு, உங்ககிட்டயே கடனும் வாங்கியிருந்தாரு. அதுல யாருக்கு சார் லாபம்?"

தலைமை அலுவலகத்தை நினைத்துக்கொண்டேன். பிறகு, "எங்களுக்குத்தான் தம்பி" என்றேன். கையில் சேமிப்பு இருக்கும்போது அதைவிடக் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று, இந்த முறை கரும்பலகையில் நிஜமான கணக்குப் போட்டேன். பின் வரிசையில் யாரும் தூங்கவில்லை. அதையும் அவர்கள் ஒரு வார்த்தை பிசகாமல் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

அந்த அரையாண்டில் திண்டிவனம் கிளையில் நகைக் கடன் ஏன் இவ்வளவு குறைந்தது என்று தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. விளக்கம் சொல்வதில் மன்னனான நான், எழுத ஒரு வரி கிடைக்காமல் ஒரு வாரம் தவித்தேன். கடைசியில் பெரிய ஏஜெண்டிடம் கேட்டேன். "மழை நல்லா பேஞ்சுதுன்னு எழுது" என்றார். எழுதினேன். அந்த வருஷம் மழை சுமார்தான்.

நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், பேசுங்கள். ஆனால் உங்கள் எதிரில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போவார்கள் என்பதை மறக்காதீர்கள். அந்த வீட்டில் ஓர் அப்பா இருக்கிறார், போட்ட பணம் இருக்கிறது, பெட்டியில் ஒரு சங்கிலி இருக்கிறது. வைப்பு, கடன், அடமானம் என்று நீங்கள் தனித்தனியாகச் சொல்வதெல்லாம் அந்த வீட்டில் ஒரே சமையல்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் சொற்களைத் தெரிந்து வைத்திருந்தேன். வீட்டைத் தெரிந்து வைத்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு மல்லாட்டை அறுவடை முடிந்திருந்த சமயம். அமலோற்பவம் தனியாகக் கிளைக்கு வந்தாள். சங்கிலி கழுத்தில் இருந்தது. அவளைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் உதறல்தான். பணச் சன்னலில் கொஞ்சம் பணம் கட்டிவிட்டு, என் மேசைக்கு வந்து, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏன் சார், இஸ்கூல்ல மறுபடியும் எப்ப சார் பேசப் போறீங்க?"

"எதுக்கும்மா? நான் பேசுனது போதாதா?"

"இல்ல சார். எங்க ஊட்டுக்காரரு ஒரு வண்டி மாடு பாத்து வெச்சிக்கீறாரு. ராவும் பகலும் இந்தச் சங்கிலியையே பாத்துக்கினு இருக்காரு. நீங்க ஜல்தியா ஒருவாட்டி போயி, பெட்டி காலின்னு சொல்லிட்டு வந்துடுங்க."